இன்னும் ஒரு நாள் பொறுத்தால்

டீ ஆறுவதற்குள் ஒரு போட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2007 ஜனவரியில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் கையில் சாக்பீஸோடு கரும்பலகை முன்னால் நின்றார்கள். ஒருவர் எம்.ஐ.டி.யில் பாடம் நடத்தும் அகுஸ்தின் ராயோ. மற்றவர் பிரின்ஸ்டனிலிருந்து வந்த ஆடம் எல்கா. மாறி மாறி எண்களை எழுத வேண்டும்; யார் எழுதுவது பெரிதோ அவருக்கு வெற்றி. முடிவிலி என்று எழுதித் தப்பிக்க முடியாது, முடிவுள்ள எண்ணாகவே இருக்க வேண்டும். எதிராளி எழுதியதோடு ஒன்றைக் கூட்டிவிட்டு ஜெயித்துவிட்டேன் என்பதும் அழகில்லை.

எல்கா 1 என்று எழுதித் தொடங்கினார். ராயோ அடுத்தடுத்து 1-களாக எழுதிப் பலகையை நிரப்பினார். எல்கா அழிப்பானை எடுத்து, அந்த 1-களில் பாதியின் அடிப்பகுதியில் ஒரு கோடு அழித்து, அவற்றையெல்லாம் தொடர்பெருக்கலைக் குறிக்கும் ஆச்சரியக்குறிகளாக மாற்றினார். கடைசியில் ராயோ, கணக்கோட்பாட்டின் மொழியில், 1-க்குப் பின் நூறு சைபர் போட்ட எண்ணிக்கை அளவுக்குக் குறியீடுகளைச் செலவழித்தாலும் பெயரிட முடியாத அளவு பெரிய எண் ஒன்றை வரையறுத்தார். போட்டி அதோடு முடிந்தது. இன்றும் கணித வட்டாரத்தில் அதற்கு ராயோவின் எண் என்றுதான் பெயர்.

இந்தப் போட்டியிலிருந்து எதிராளியை எடுத்துவிடுங்கள். உங்களிடம் ஒரு தாளைத் தருகிறார்கள். அதில் என்ன எண்ணை எழுதுகிறீர்களோ, அத்தனை நாள் நோய்நொடி இல்லாத நல்வாழ்வு உங்களுக்கு உண்டு. எழுதுவதில் சிரமம் இல்லை, அவசரம் இல்லை, ஏமாற்று எதுவும் இல்லை. என்ன எழுதுவீர்கள்?

ஒரு கோடி என்று எழுதினால், ஏன் இரண்டு கோடி எழுதவில்லை என்று கேட்கலாம். ராயோவின் எண்ணையே எழுதினாலும் அதைவிடப் பெரியது ஒன்றை எழுதியிருக்கலாம். பொருளாதாரப் பாடப்புத்தகம் அறிவோடு தேர்வு செய்பவருக்கு வகுத்திருக்கும் இலக்கணம் எளிமையானது: இருக்கும் வாய்ப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, எதைவிட மேலானது வேறு இல்லையோ அதை எடு. இந்தத் தாளில் எந்த எண்ணும் அந்தத் தேர்வில் தேறாது. எழுதாமல் விட்டால் நாளே கிடையாது, அது எல்லாவற்றையும்விட மோசம். ஆக, பாடப்புத்தகத்தின்படி நீங்கள் எதைச் செய்தாலும் அறிவோடு செய்ததாகாது. தவறு உங்களிடம் இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. அப்படியானால் தவறு இலக்கணத்தில்தான் இருக்க வேண்டும். எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி.

இதைச் சொன்னதும், ‘வாய்ப்புகள் கணக்கில்லாமல் இருந்தால் மனித மூளை தாங்காது, அவ்வளவுதானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு வேறு சிக்கல்களை ஒன்றாகக் கலப்பதால் வரும் கேள்வி இது. பிரித்துப் பார்க்கச் செஸ் உதவும்.

1950-ல் கிளாட் ஷானன் ஒரு கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார். வெள்ளை ஒரு நகர்த்தல், கறுப்பு ஒரு பதில் என்று வைத்தால் சராசரியாக ஆயிரம் வழிகள். நாற்பது நகர்த்தல் கொண்ட ஆட்டத்துக்கு 1-க்குப் பின்னால் 120 சைபர். ஒரு நொடிக்குப் பத்து லட்சம் வழிகளைப் பரிசீலிக்கும் இயந்திரம்கூட, முதல் காயை நகர்த்துவதற்குள் எத்தனை ஆண்டு ஆகும் என்று பார்த்தால் 1-க்குப் பின் 90 சைபர். ஆனாலும் செஸ்ஸில் ‘சிறந்த ஆட்டம்’ என்ற ஒன்று இருக்கிறது. வெள்ளை கட்டாயமாக ஜெயிக்கலாம், அல்லது கறுப்பு ஜெயிக்கலாம், அல்லது இருவரும் தோற்காமல் தப்பிக்கலாம். இந்த மூன்றில் ஒன்று உறுதி என்பது எர்ன்ஸ்ட் செர்மெலோ 1913-ல் எழுதிய கட்டுரையிலிருந்து தெரியும். எது என்பதுதான் தெரியாது. விடை எங்கோ இருக்கிறது, நமக்கு எட்டவில்லை. செக்கர்ஸ் ஆட்டத்தில் அது எட்டியும்விட்டது. ராயோவும் எல்காவும் மோதிய அதே 2007-ல், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஷாஃபரின் குழு, இரு தரப்பும் பிழையில்லாமல் ஆடினால் செக்கர்ஸ் சமநிலையில் முடியும் என்று கணினியால் நிறுவியது.

இந்த முதல் வகைச் சிக்கலைப் பற்றி ஹெர்பர்ட் சைமன் அளவுக்கு ஆழமாக யோசித்தவர் குறைவு. 1935-ல், இளைஞராக, மில்வாக்கி நகரத்து விளையாட்டுத் திடல்களின் நிர்வாகத்தை ஆராயப் போனார். திடலைப் பராமரிக்க எவ்வளவு, பிள்ளைகளை விளையாட வைக்கும் ஆட்களுக்கு எவ்வளவு என்று பணத்தைப் பிரிக்க வேண்டும். கடைசி டாலரால் இரண்டு பக்கமும் சமமான பலன் வரும்படி பிரியுங்கள் என்று பொருளாதாரம் சொன்னது. அங்கே இருந்த யாரும் அப்படிக் கணக்குப் போடவில்லை, போடவும் முடியாது. பிற்காலத்தில் சைமன் தந்த விளக்கம், 1978-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடித்தளமானது: மனிதர்கள் சிறந்ததைத் தேடி அலைவதில்லை, ‘இவ்வளவு இருந்தால் போதும்’ என்று ஓர் அளவை வைத்துக்கொண்டு, அதை எட்டுகிற முதல் வாய்ப்போடு நிறுத்திவிடுகிறார்கள். தேடுவதற்கே நேரமும் உழைப்பும் செலவாவதால் அப்படி நிறுத்துவது அறிவுள்ள செயல்தான்.

சைமன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அவர் தந்த மருந்தை நம் தாளுக்கும் எழுதிக்கொடுக்கிறார்களே, அது பொருந்தாது. அவருடைய ‘போதும்’, தேடலின் செலவை வைத்து நிற்கிறது. தாளில் எண் எழுதுவதற்குத் தேடல் எதுவும் இல்லை. எல்லாமே கண்முன் தெளிவாக இருக்கிறது. கணினி எவ்வளவு வளர்ந்தாலும் இங்கே ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் கண்டுபிடிக்க விடையே இல்லை. முதல் சிக்கலில் குறை நம் மூளையில். இரண்டாவதில், மேலே மேலே போகும் வரிசைக்கு முடிவு கிடையாது. நான் பேச வந்தது இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

இதற்கு ஜான் பொல்லாக் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1983-ல் ஓர் அழகான உதாரணம் கொடுத்தார். உங்களிடம் ஒரு பாட்டில் ஒயின் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதன் சுவை கூடிக்கொண்டே போகும், ஒருநாளும் கெடாது. உங்களுக்கும் சாவு இல்லை. எப்போது திறப்பீர்கள்? இன்று திறப்பதைவிட நாளை திறப்பது மேல். நாளைக்கு அந்த நாள் வந்ததும் அதே நியாயம் மறுபடி வந்து நிற்கும். ஒவ்வொரு நாளும் சரியான முடிவையே எடுத்து, கடைசிவரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் இருந்துவிடுவீர்கள். எந்த நாளிலும் பிழை நடக்கவில்லை, மொத்தத்தில் பாட்டில் வீண்.

1988-ல் எட்வர்ட் கிரேஸ்லி இதையே இன்னும் கூராக்கினார். ஒரு பெண் இறந்து நரகத்துக்குப் போகிறாள். சாத்தான் ஓர் ஆட்டத்துக்கு அழைக்கிறான். ஒரே ஒரு தடவைதான் ஆடலாம். ஜெயித்தால் என்றென்றைக்கும் சொர்க்கம், தோற்றால் என்றென்றைக்கும் நரகம். இன்றே ஆடினால் ஜெயிக்க இரண்டில் ஒரு வாய்ப்பு; நாளை ஆடினால் மூன்றில் இரண்டு; மறுநாள் நான்கில் மூன்று. ஓர் ஆண்டு காத்திருந்துவிட்டாள் என்று வையுங்கள். வாய்ப்பு 99.7 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் ஒரு நாள் பொறுத்தால் கூடுவது ஏறக்குறைய 1,34,000-ல் ஒரு பங்கு. அற்பம்தான். ஆனால் பணயமாக இருப்பது முடிவில்லாத சொர்க்கம் ஆயிற்றே! முடிவில்லாததில் எவ்வளவு சிறிய பங்கும் முடிவில்லாததுதான். நரகத்தில் இன்னும் ஒரு நாள் வெந்தால் என்ன, கிடைப்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. இந்தக் கணக்கை நம்பினால் அவள் எந்த நாளிலும் ஆட மாட்டாள். சாத்தானுக்கு வேண்டியதும் அதுதான். இந்த உதாரணத்தைச் சாதாரணப் புதிர் என்று ஒதுக்க என்னால் முடிவதில்லை. கணக்கின் ஒவ்வொரு வரியும் சரி, ஆனால் அந்தக் கணக்கே அவளை நரகத்தில் கட்டிப்போடுகிறது.

‘சாவில்லாத மனிதர் யார் இருக்கிறார்கள்?’ என்று நீங்கள் கேட்பது நியாயம். நம் ஒவ்வொருவருக்கும் ஒரு கடைசி நாள் உண்டு, அதனால் ஒயினை அதற்கு முன்னால் திறந்துதான் ஆக வேண்டும். ஆனால் சாகாதவை சில உண்டு. அறக்கட்டளை சாவதில்லை. அரசு சாவதில்லை. கூட்டு வட்டிக்குப் போட்ட பணம் சாவதில்லை. பொல்லாக்கின் பாட்டில் அவற்றின் அலமாரியில் உண்மையாகவே இருக்கிறது.

பீட்டர் தெலுசன் என்ற லண்டன் வணிகர் 1797-ல் இறந்தார். மனைவி மக்களுக்கு ஒரு பங்கை எழுதிவைத்துவிட்டு, பல லட்சம் பவுண்டு வரும் மீதிச் சொத்தை யாரும் தொடக்கூடாது என்று உயில் எழுதியிருந்தார். அவர் இறந்தபோது உயிரோடு இருந்த மகன்கள், பேரன்கள் என்று அந்த வம்சத்தின் ஆண்களில் கடைசி ஆள் சாகும்வரை, வருமானத்தைத் திரும்பத் திரும்ப நிலத்தில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிற வாரிசுக்கு மலைபோன்ற செல்வம். பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். உயில் செல்லும் என்று 1799-ல் தீர்ப்பு வந்தது. 1805-ல் பிரபுக்கள் சபையும் அதையே உறுதிசெய்தது. இப்படி ஆளாளுக்குச் சேர்க்க ஆரம்பித்தால் நாட்டின் சொத்தெல்லாம் ஒரு கையில் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம் பிரிட்டனில் பரவியது. 1800-லேயே பார்லிமென்ட் சட்டம் போட்டது: இறந்தவரின் உயிலை வைத்து வருமானத்தைச் சேர்த்து வைப்பதானால், பொதுவாக 21 ஆண்டுக்கு மேல் கூடாது. தெலுசன் குடும்பத்துக்கு அந்தச் சட்டம் பின்னோக்கிப் பாயவில்லை. வழக்கு 1859-ல்தான் ஓய்ந்தது. அதற்குள் வக்கீல் செலவும் நிர்வாகக் குளறுபடியும் தின்றது போக, மிஞ்சியது தொடக்கத்தில் இருந்ததைவிடப் பெரிதாக இல்லை.

நம் நாட்டுச் சட்டத்திலும் இதன் தடம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 17-ஆம் பிரிவு. சொத்தை எழுதிக்கொடுப்பவர், ‘இதன் வருமானத்தை அனுபவிக்காமல் சேர்த்து வை’ என்று நிபந்தனை போட்டால், அது அவருடைய ஆயுட்காலம் அல்லது எழுதிக்கொடுத்த நாளிலிருந்து 18 ஆண்டு, இரண்டில் எது நீளமோ அதுவரைதான் செல்லும். கடன் அடைப்பது, சொத்தைப் பராமரிப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. பத்திர அலுவலக வாசலில் அன்றாடம் புழங்கும் சட்டத்துக்குள் இப்படியொரு தத்துவச் சிக்கலின் தீர்வு அமைதியாக உட்கார்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஏன் 18? ஏன் 17 இல்லை? பிறகு இந்தக் கேள்விக்கு வருகிறேன். அதற்கு முன் கணிதவியலாளர்கள் இந்தச் சிக்கலை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்போம். அவர்களும் இதையேதான் செய்தார்கள், வேறு பெயரில்.

1713-ல் நிக்கோலஸ் பெர்னூலி ஒரு பகடை ஆட்டத்தைக் கடிதத்தில் எழுதினார். பிறகு வடிவம் மாறி அது இப்படி வழங்குகிறது: நாணயத்தைத் தலை விழும்வரை சுண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சுண்டலில் தலை விழுந்தால் 1 ரூபாய், இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4, இப்படி ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பு. சராசரி வரவைக் கணக்கிட்டால் முடிவிலி. அப்படியென்றால் வீட்டை விற்றுக் கட்டணம் கட்டியாவது இந்த ஆட்டத்தை ஆட வேண்டும். ஆனால் பாதித் தடவை அது 1 ரூபாயோடு முடிந்துபோகும். நிதானமுள்ள யாரும் சில நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்க மாட்டார்கள். 1728-ல் கேப்ரியல் கிராமர் ஒரு வழி சொன்னார். 2-ஐ 24 தடவை பெருக்கினால் வரும் 1,67,77,216-க்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் மனத்துக்கு ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். உடனே முடிவிலி மறைந்து, ஆட்டத்தின் மதிப்பு 13-க்கு இறங்கிவிடுகிறது. 1738-ல் டேனியல் பெர்னூலி இன்னும் நாசூக்கான வழியைச் சொன்னார்: கையில் பணம் கூடக் கூட, அடுத்த ரூபாய் தரும் நிறைவு குறைகிறது. பாடப்புத்தகங்கள் அதையே பிடித்துக்கொண்டன. ஆனால் 1934-ல் கார்ல் மெங்கர் காட்டியது என்னவென்றால், நிறைவு எவ்வளவு மெதுவாகக் கூடினாலும், அதற்கு மேலே ஓர் உச்சவரம்பு இல்லாதவரை, பரிசுத் தொகையைத் தக்கபடி பெருக்கி அதே முடிவிலியைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். ஆக, முரட்டுத்தனமாகத் தோன்றிய கிராமரின் வரம்புதான் உண்மையில் வேலை செய்தது.

ஃபிராங்க் ராம்சே 1928-ல் எழுதிய கட்டுரையிலும் இதே நிலைமை. ஒரு நாடு தன் வருமானத்தில் எவ்வளவு சேமிக்க வேண்டும் என்று கேட்டார் அவர். பின்னால் வரும் தலைமுறை என்பதற்காக அவர்களுடைய இன்பத்தை நம்முடையதைவிடக் குறைத்து மதிப்பிடுவது அறமாகாது என்பது அவர் கொள்கை. எனக்கும் அதில் உடன்பாடு. ஆனால் அப்படி வைத்தால் தலைமுறைகளுக்கு முடிவே இல்லை, கூட்டுத்தொகை முடிவிலிக்கு ஓடிவிடுகிறது. மனித இன்பத்துக்கு எட்டக்கூடிய ஓர் உச்சநிலை உண்டு என்று வைத்துக்கொண்டு, அதற்கு நாம் எவ்வளவு குறைவாக இருக்கிறோம் என்பதைக் கணக்கிட்டார். உச்சநிலை வந்ததும் கணக்கும் நடந்தது. ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை, 26 வயதில் அவர் போய்விட்டார். அந்த ஒரு கட்டுரை மேல் இன்றுவரை பொருளாதாரத்தில் ஒரு துறையே நிற்கிறது.

கிராமரும் ராம்சேயும் மேலே வரம்பு கட்டியதால் தப்பித்தார்கள். ஆனால் வரம்பு கட்ட முடியாத இடத்தில்? நல்வாழ்வின் நாட்களுக்கு உச்சவரம்பு உண்டு என்று நான் நம்பவில்லையென்றால் என்ன செய்வது? இங்கேதான் எல்கா மறுபடி வருகிறார். 2004-ல் அவரும் ஃபிராங்க் ஆர்ன்ட்ஸேனியஸும் ஜான் ஹாதார்னும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஏவாளும் ஒரு ஆப்பிளும் உண்டு. சாத்தான் ஆப்பிளை முடிவில்லாத துண்டுகளாக வெட்டிவிட்டான். எத்தனை துண்டு வேண்டுமானாலும் தின்னலாம். எண்ணிக்கை முடிவுள்ளதாக இருக்கும்வரை தோட்டத்தில் இருக்கலாம், முடிவில்லாமல் தின்றால் வெளியேற்றம். எந்தத் துண்டை எடுத்துக் கேட்டாலும் ‘இதைத் தின்பதால் கெடுதல் இல்லை’ என்பதுதான் பதில், ஏனென்றால் ஒரே ஒரு துண்டு முடிவுள்ளதை முடிவில்லாததாக ஆக்காது. அப்படியே ஒவ்வொன்றாகத் தின்று முடித்தால் தோட்டம் போய்விடும். துண்டு துண்டாக முடிவெடுக்கும் ஒருத்திக்கு இதிலிருந்து தப்பிக்க வழி இல்லை என்கிறார்கள் அவர்கள். ‘இத்தனாவது துண்டோடு நிறுத்துவேன்’ என்று முன்கூட்டியே தன்னைக் கட்டிக்கொள்ளும் திறன் இருந்தால் மட்டுமே வழி உண்டு. அந்தத் திறன் இல்லாதவளை அறிவில்லாதவள் என்று சொல்வதும் தவறு. அவளுக்கு இல்லாமல்போனது வேறொன்று.

இதைப் படித்தபிறகுதான் பாடப்புத்தக இலக்கணத்தின் குறை எனக்குத் தெளிவாயிற்று. அது அறிவை ஒவ்வொரு கணத்திலும் ஒரு தேர்வாகப் பார்க்கிறது. மேலே முடிவு இருக்கும் இடத்தில் அது போதும். முடிவில்லாத இடத்தில், அறிவு செய்ய வேண்டிய வேலை வேறு: நிற்க ஓர் இடத்தைத் தேர்ந்து, அந்த இடம் வந்ததும் ‘இன்னும் ஒன்று’ என்ற நியாயத்தை, அது நியாயம்தான் என்று தெரிந்தும், ஏற்காமல் இருப்பது. நரகத்தில் இருக்கும் அந்தப் பெண் முதல் நாளே ஒரு தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நார்வே நாட்டு எண்ணெய்ப் பணம் இதற்கு நல்ல சாட்சி. 1996 முதல் அந்த வருமானத்தை ஒரு நிதியத்தில் போட்டு வருகிறார்கள். தொடாமல் விட்டால் வளரும், எந்த ஆண்டிலும் ‘இப்போது வேண்டாம், அடுத்த ஆண்டு’ என்று சொல்லக் காரணம் கிடைக்கும். தெலுசன் வழியில் போனால் எந்தத் தலைமுறைக்கும் பயனில்லை. இஷ்டத்துக்கு எடுத்தால் சில பத்தாண்டில் காலி. 2001-ல் ஒரு விதி வகுத்தார்கள்: நிதியத்தின் எதிர்பார்க்கும் உண்மை வருமானத்தின் அளவு, அதாவது 4 சதவீதம், காலப்போக்கில் ஆண்டுதோறும் அரசுச் செலவுக்கு. 2017-ல் அதை 3 ஆக்கினார்கள், வருமான எதிர்பார்ப்பு குறைந்துபோனதால்.

இப்போது அந்த 18-க்கு வருவோம். 17 ஏன் இல்லை என்பதற்கு எந்த வாதமும் இல்லை. சட்டம் எழுதியவர்கள் எழுந்து வந்தாலும் சொல்ல முடியாது. அதே கட்டுப்பாட்டுக்கு பிரிட்டன் 21 என்றது, இங்கே 18. ஆனால் ஓர் ஆண்டு என்றால் குழந்தைக்காகச் சேர்த்து வைக்கும் அப்பாவுக்குக்கூட அநியாயம், ஆயிரம் ஆண்டு என்றால் தெலுசன் கதை. இரண்டு பக்கமும் தவறு எது என்பது நன்றாகத் தெரிகிறது. நடுவில் எங்கே கோடு போடுவது என்பது மட்டும் யாரோ ஒருவர் எடுக்க வேண்டிய முடிவு. எண்ணைக் கணக்கால் நிறுவ முடியவில்லை என்பதற்காக, எண்ணே தேவையில்லை என்று ஆகிவிடாது.

பிரிட்டன் 2009-ல் தன் பழைய சட்டத்தைத் திருத்தியது. தனியார் அறக்கட்டளைகளுக்கு 125 ஆண்டு ஆயுள் வைத்தபிறகு, அவை வருமானத்தைச் சேர்ப்பதற்கு இருந்த 21 ஆண்டுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. எப்படியும் 125-ல் முடிந்துவிடும், அதற்குள் சேர்த்தால் சேர்க்கட்டும். தர்ம காரியத்துக்கான அறக்கட்டளைகளுக்கு அப்படி ஆயுள் கிடையாது, அவை என்றென்றைக்கும் இருக்கலாம். அவற்றுக்கு மட்டும் அந்த 21 ஆண்டை விட்டுவைத்திருக்கிறார்கள்.